நெருப்பில்லாத நெருப்புப்பெட்டிகள்

எங்கள் வீட்டு வளவில் பதுங்குகுழி வெட்டி முடித்த கிழமையில்தான், உலகச் சதுரங்க வெற்றிவீரனை ஒரு கணினி தோற்கடித்த செய்தி வானொலியில் வந்தது. அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. வன்னிக்குள் பற்றரி வருவதற்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலி கேட்பார்கள். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். அன்று சுற்றியவர் பக்கத்து வளவுக்காரர். சதுரங்கச் செய்தி காதில் விழுந்ததும் அவர் கையை எடுத்துவிட்டார். வானொலி செத்தது.

"மிசினு மனுசன ஜெயிச்சிருச்சா சார்? யாராச்சும் பின்னால உக்காந்து சொல்லிக் குடுத்திருப்பாங்க."

"ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை. அப்பிடிப் படிக்க அதுகளுக்கு வழி இருக்கு."

"மிசினு படிக்குமா? நம்ம பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களே படிக்க மாட்டேங்குது."

அவர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். எழுபதுகளின் கடைசியில் கலவரத்துக்குத் தப்பி இந்தக் குளத்தடிக்கு வந்து, காடு வெட்டி வயலாக்கியவர். நானும் மனைவியும் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, அவருடைய வேலிக்கு அடுத்த காணியில் கொட்டில் போட்டிருந்தோம். எங்கள் ஒரே மகள் கொழும்பில் மனைவியின் தமையன் வீட்டில் நின்று படித்தாள். நான் நீர்ப்பாசன அலுவலகத்தில் படவரைஞர். வாய்க்கால்களுக்குப் படம் கீறுகிற வேலை. கீறிய வாய்க்கால் ஒன்றையும் அந்த ஆண்டுகளில் எவரும் வெட்டவில்லை.

வானொலி சொன்ன அந்த இயந்திரம் எவ்வளவைத் தானாகப் படித்தது, எவ்வளவை அதற்குள் மனிதர் ஊட்டினார்கள் என்பது எனக்கு அன்று தெரியாது. ஆனால் கணினி தானாகப் படிக்கும் ஒரு முறையை எண்பதுகளின் கடைசியில், பாதைகள் திறந்திருந்த காலத்தில், கொழும்பில் நடந்த ஒரு பயிற்சியில் பார்த்திருந்தேன். அங்கே ஒரு கணினியோடு விளையாடி நாங்கள் எல்லோரும் வரிசையாகத் தோற்றோம். இது எப்படிப் படித்தது என்று நான் கேட்டேன். பயிற்றுநர் சிரித்துவிட்டு மேசையில் வெறும் நெருப்புப்பெட்டிகளைப் பரப்பினார். கணினி வேண்டாம், நெருப்புப்பெட்டி போதும் என்றார்.

விளையாட்டு சின்னது. ஒன்பது கட்டங்கள் கொண்ட பலகை. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று காய்கள். முன்னால் உள்ள கட்டம் வெறுமையாக இருந்தால் காய் ஒரு கட்டம் போகலாம். முன்னால் குறுக்கு மூலையில் எதிரி நின்றால் வெட்டலாம். எதிர்க்கரையைத் தொட்டால் வெற்றி. எதிரியின் காய்களை முழுதாக வெட்டினாலும், எதிரி நகர வழியில்லாமல் நின்றாலும் வெற்றி. சமன் என்பது கிடையாது. இரண்டாவதாக விளையாடுகிற பக்கம் சந்திக்கக்கூடிய நிலைகள், இடம் வலம் மாறியவற்றை ஒன்றாக எண்ணினால், இருபத்திநாலு. ஒரு நிலைக்கு ஒரு பெட்டி. பெட்டியின் மேல் அந்த நிலையின் படம், அதில் நகரக்கூடிய வழிகளுக்கு நிறநிறமாக அம்புக்குறி. பெட்டிக்குள் ஒவ்வோர் அம்புக்கும் அதே நிறத்தில் ஒரு விதை.

இயந்திரத்தின் முறை வந்தால் பலகையில் உள்ள நிலைக்கு உரிய பெட்டியை எடுத்துக் குலுக்கி, பார்க்காமல் ஒரு விதையை எடுக்க வேண்டும். அந்த நிறத்து அம்பு எங்கே போகிறதோ அதுதான் அதன் நகர்வு. இயந்திரம் வென்றால் விதைகள் தத்தம் பெட்டிக்குத் திரும்பும். தோற்றால், கடைசியாக எடுத்த விதை திரும்பாது. அவ்வளவுதான் படிப்பு. தோல்விக்குக் கொண்டுபோன வழிகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போக, மிச்சம் கிடப்பது வெல்லும் வழி.

இதைப் பக்கத்து வளவுக்காரருக்குக் காட்டவேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. தடையாக இருந்தது நெருப்புப்பெட்டிதான். அந்தக் காலத்தில் குச்சியை பிளேட்டால் இரண்டாகக் கீறிப் பாவித்தோம். ஒரு வீட்டில் அடுப்பு மூட்டினால் மற்ற வீட்டார் சிரட்டையில் தணல் வாங்கிப் போவார்கள். வெறும் பெட்டியைக்கூட ஒருவரும் எறியமாட்டார்கள். நான் அலுவலகத்திலும் தேநீர்க்கடையிலும் சொல்லிவைத்து ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். கூட்டுறவுக் கடை வரிசையில் ஒருவர் மனைவியிடம் கேட்டாராம், உங்கட அவர் வெடிக்கு மருந்து சுரண்டிச் சேர்க்கிறாரோ என்று.

"இஞ்சேருங்கோ, உந்த விளையாட்டை விடுங்கோ," என்றாள் அவள். "சனம் வேற கதை கதைக்குது."

"வெறும் பெட்டியில என்ன மருந்து இருக்கு?"

"அது எனக்குத் தெரியும். கேக்கிறவனுக்குத் தெரியவேணுமே."

அவள் சொன்னபடியே ஒரு பின்னேரம் இரண்டு இளைஞர்கள் சைக்கிளில் வந்து வேலிப் படலையடியில் நின்றார்கள். யார் அனுப்பியது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டிகளைப் பார்க்கவேண்டும் என்றார்கள். அதற்குள் நான் படங்களை ஒட்டி முடித்திருந்தேன். ஒருவர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து விதைகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். சிவப்புக்குக் குண்டுமணி, பச்சைக்குப் பயறு, மண்ணிறத்துக்குக் கௌபி என்கிற காராமணி, கறுப்புக்கு உழுந்து. மற்றவர் அம்புக்குறிகளைப் பார்த்தபடி இது எங்கே போகிற பாதை என்று கேட்டார். பலகையை வைத்து விளையாடிக் காட்டினேன். அவசரத்தில் என் காயையே நான் வெட்டப் போனேன். அவர்கள் சிரித்தார்கள். போகும்போது ஒருவர் சொன்னார்:

"அண்ணை, அம்பு கீறின கடதாசியளை வெளிய கொண்டு திரியாதேங்கோ. நாங்கள் கண்டது சரி. வேற ஆக்கள் கண்டால் வேறமாதிரி விளங்கும்."

வேறு ஆட்கள் என்றால் யார் என்று எனக்கு விளங்கியது. வவுனியாவுக்குப் போகும் வழியில் இருந்த இராணுவச் சோதனைச்சாவடியை நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே பெட்டிகளைத் துணிப்பையில் போட்டு, வீட்டை விட்டு வெளியே கொண்டுபோவதில்லை என்று முடிவெடுத்தேன்.

பக்கத்து வளவுக்காரர் வயலால் வந்து, கால் கழுவிக்கொண்டு, கதிரையில் இருக்காமல் நிலத்தில் சப்பணமிட்டு விளையாட்டுக்கு இருப்பார். முதல் நாட்களில் இயந்திரம் விசர் பிடித்ததுபோல விளையாடித் தோற்றது. ஒவ்வொரு முறையும் நான் ஒரு விதையை எடுத்து வெளியே வைத்தேன்.

"என்னா சார், தோத்தா நிவாரண அரிசிய வெட்டுறீங்களா?"

"ஓம். அப்பதான் படிக்கும்."

"அப்ப நாங்க எல்லாம் இந்நேரம் பெரிய படிப்பு படிச்சிருக்கணுமே."

குசினிக்குள் இருந்து மனைவி சிரித்த சத்தம் கேட்டது. அவள் அப்படிச் சிரித்துக் கனகாலம்.

சில கிழமைகளில் சிரிப்பு குறைந்தது. இயந்திரம் அடிக்கடி வென்றது. பின்னர் அது தோற்பதே இல்லை. சில பெட்டிகளில் ஒரே ஒரு விதைதான் கிடந்தது, குலுக்கத் தேவையில்லை. ஒரு பெட்டி முழுதாக வெறுமையானது. அந்த நிலைக்கு வந்தால் எந்த நகர்வும் உதவாது. அப்போது இயந்திரம் கையை விரித்துத் தோல்வியை ஒத்துக்கொள்ளும், அதற்கு முந்திய நகர்வின் விதையை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. அதனால் அடுத்த முறை அந்த நிலைக்குள் அது வரவே வராது. பக்கத்து வளவுக்காரர் அந்த வெறும் பெட்டியைக் கையில் எடுத்துத் திறந்து, மூடி, திரும்பவும் திறந்தார். பிறகு எழும்பி, இனி இதோடு விளையாட வரமாட்டேன் என்றார். உயிரில்லாத ஒன்று தன்னைப் பார்த்து வைத்திருப்பதுபோல இருக்கிறதாம்.

அன்று மனைவி என்னிடம் கேட்டாள், பெரிய விளையாட்டுகளுக்கும் இப்படித்தானா என்று. இல்லை என்றேன். சதுரங்கத்தின் நிலைகளுக்குப் பெட்டி செய்தால் இந்த வன்னி முழுக்க அடுக்கினாலும் இடம் போதாது. பெரிய விளையாட்டுகளில் கணினி ஒவ்வொரு நிலையையும் நினைவில் வைப்பதில்லை. எத்தனை காய் மிச்சம், எவ்வளவு தூரம் நகர இடமுண்டு, அரசனுக்கு முன்னால் காவல் உண்டா என்று சில விடயங்களுக்குப் புள்ளி போட்டு வைத்திருக்கும். தோற்றால் புள்ளிகளைக் கூட்டிக் குறைக்கும். எதிராளி இல்லாவிட்டால் தனக்குத்தானே விளையாடிப் படிக்கவும் அதற்கு ஏலும் என்று பயிற்றுநர் சொன்னதையும் சொன்னேன்.

"ஆயிரம் தரம் தோக்குமோ?"

"லட்சம் தரமும் தோக்கும்."

"நோகாதோ?"

"நோகாது."

"அப்ப ஏன் படியாது," என்றாள். பிறகு அரிசியில் கல் பொறுக்கினாள்.

அந்த நாட்களில் அவளிடம் ஒரு மாற்றத்தைக் கண்டேன். விமானக் குண்டிலோ செல் என்கிற எறிகணையிலோ எவராவது இறந்த வீட்டுக்குப் போனால், மற்றப் பெண்கள் அழுது முடியும்வரை காத்திருந்து, பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாக ஒரு கேள்வி கேட்பாள்: "அவர் எங்க நிண்டவர்?" வீட்டுக்குள்ளேயா, மரத்தடியிலா, றோட்டிலா, பதுங்குகுழிக்குள்ளா. காலையா, பின்னேரமா. சத்தம் முதல் கேட்டதா, இல்லையா. ஒரு செத்தவீட்டில் இறந்தவரின் சகோதரி அவளை ஒருமாதிரிப் பார்த்ததைக் கண்டேன். வரும் வழியில், உனக்கு அது ஏன் என்று கேட்டேன். சும்மா என்றாள்.

பதில் குசினித் தட்டில் இருந்தது. ஒரு காலை உப்புப் போத்தலை எடுக்கப் போனபோது அதன் பின்னால் நான்கு நெருப்புப்பெட்டிகளைக் கண்டேன். என்னுடையவை அல்ல. மேலே அவளுடைய கையெழுத்து: விமானம் காலை. விமானம் பின்னேரம். செல். ஆள் தனிய. உள்ளே விதைகள். பெட்டியின் அடியில் விளக்கம் இருந்தது. கௌபி பங்கர் என்கிற பதுங்குகுழி, பயறு வாய்க்கால், குண்டுமணி வீட்டு நிலம். 'செல்' பெட்டியில் குண்டுமணி ஒன்றுகூட இல்லை. 'விமானம் காலை' பெட்டியில் ஒரேயொரு பயறு கிடந்தது. கௌபி எல்லாவற்றிலும் நிறைந்து, மூடும்போது நெருக்கியது.

நான் திறந்து வைத்திருந்தபடியே அவள் உள்ளே வந்தாள்.

"இது என்னப்பா?"

"உங்கட மிசின்தான்."

"அது விளையாட்டு. தோத்துத் தோத்துத்தான் படிக்கும். நாங்கள் ஒருக்காத் தோத்தால் முடிஞ்சுது."

"அதுக்குத்தானே மற்ற ஆக்களின்ர விளையாட்டையும் எண்ணுறன்." அவள் என் கையிலிருந்து பெட்டியை வாங்கி மூடினாள். "வீட்டுக்குள்ள படுத்தவை செத்தால் ஒரு குண்டுமணியை எடுத்துப்போடுவன். பங்கருக்குள்ள இருந்தவை தப்பினால் ஒரு கௌபி போடுவன். செத்தவையின்ர கணக்கு வீணாப் போகக்கூடாது."

பிழை சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. உண்மையில் அது என் முறையைவிட ஒரு படி மேலே போயிருந்தது. என் இயந்திரத்துக்குத் தோற்ற நகர்வின் விதையை எடுக்க மட்டும்தான் தெரிந்தது. அவளுடையது தப்பியவரின் விதையைக் கூட்டவும் செய்தது. ஆனால் அந்தப் பெட்டிகளிலிருந்து அவள் எடுத்த ஒவ்வொரு விதைக்கும் ஒரு வளவு, ஒரு முற்றம், அழுகிற ஒரு சகோதரி இருந்தாள். குண்டுமணியின் கறுப்பு மூக்கைப் பார்க்காமல் மற்றப் பெட்டிகளை மூடி உப்புப் போத்தலுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் பெட்டியைத் திறப்பதும் இல்லை. விமானச் சத்தம் கேட்டவுடனே, கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு, பதுங்குகுழிக்குள் இறங்கிவிடுவாள். யோசிக்காத கால்கள். முன்பெல்லாம் முற்றத்தின் நடுவில் நின்று எங்கே ஓடுவது என்று தெரியாமல் அந்தரப்படுவாள். நான் கத்திக் கத்தி இழுக்கவேண்டியிருக்கும். அந்த அந்தரம் போனதில் எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது. அந்தக் கோடையில் விமானம் பலமுறை வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் உள்ளே போய், தலையில் மண்ணோடு வெளியே வந்தாள்.

பிறகு மாரி தொடங்கியது.

எங்கள் பதுங்குகுழி கோணலாக வெட்டப்பட்டது. மூன்று படி இறங்கினால் ஒரு வளைவு. வளைவுக்கு அப்பால் இரண்டு பேர் குந்தியிருக்க இடம். மேலே பனங்குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை. மழை தொடங்கிய இரண்டாவது கிழமை உள்ளே முழங்காலளவு தண்ணீர் ஊறியது. தவளைகள் வந்தன. தவளைக்குப் பின்னால் வருவது என்ன என்று குளத்தடியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அடுத்த குடியேற்றத்தில் ஒரு பெண் பதுங்குகுழிக்குள் பாம்பு கடித்து இறந்துபோனாள். ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருக்கவில்லை. வவுனியாவுக்குக் கொண்டுபோக அனுமதி கிடைக்கும்போது கொண்டுபோக அவள் உயிரோடு இருக்கவில்லை.

மனைவி அந்தச் செத்தவீட்டுக்கும் போனாள். வந்து பெட்டிகளைத் தொடவில்லை.

"அதுக்கு ஒரு பெட்டி வேண்டாமோ?" என்று கேட்டேன்.

"எதுக்கு?"

"மழைக்காலப் பங்கருக்கு. அது வேற நிலை. உன்ர பெட்டியள் எல்லாம் கோடையில படிச்சது."

"பங்கர் பங்கர்தான்," என்றாள். "அவள் பாம்பு கடிச்சுச் செத்தவள். குண்டுக்கு இல்லை."

"செத்தது செத்ததுதானே."

"இறங்க முதல் தடியால தட்டிப்போட்டு இறங்குறன். போதுமோ?"

தடியை நான் வெட்டி வாசலில் சாத்திவைத்தேன். விமானம் வரும்போது தடியை எடுத்துத் தட்ட நேரம் இருக்காது என்று இருவருக்கும் தெரியும்.

மாரியின் ஈரம் என் இயந்திரத்தையும் விடவில்லை. பயறும் கௌபியும் பெட்டிக்குள்ளேயே முளைத்தன. வெள்ளை வேர் படத்தாளைத் துளைத்துக்கொண்டு வந்தது. கெட்டதை எறிந்து புதியதைப் போட்டு, பெட்டிகள் எல்லாவற்றையும் அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கினேன். மனைவியின் நான்கும் அங்கேயே ஏறின. வீட்டில் இருந்த ஒரேயொரு உண்மையான நெருப்புப்பெட்டியையும் அவள் ஈரத்துக்குப் பயந்து அதே பரணில் வைத்தாள். அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

அந்தப் பின்னேரம் மழை விட்டிருந்தது. முகில் பிளந்து வெயில் எறித்தது. மாரியில் வெயில் எறித்தால் மனம் பதறும். முகில் மூடியிருந்தால் விமானம் வராது. நான் அலுவலகத்திலிருந்து சைக்கிளில் குளக்கட்டால் வந்துகொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. முதலில் வானம் இழுபடுவதுபோல, பிறகு காதுக்குள். படலையடியில் சைக்கிளைப் போட்டேன். பக்கத்து வளவுக்காரர் வேலியோர வாய்க்காலுக்குள் படுத்துக்கிடந்தார். தலையைத் தூக்கிக் கத்தினார்.

"சார், அம்மா உள்ள போய்ட்டாங்க. அவுங்களுக்கு முன்னாலேயே ஒரு பாம்பு எறங்குனத பாத்தேன். கத்துனேன் சார், கேக்கல."

"என்ன பாம்பு?"

"புடையன் விரியன் மாதிரி இருந்துச்சு."

தடி சாத்தியபடியே இருந்தது. நான் வாசலில் குந்தி உள்ளே பார்த்தேன். வெயிலில் நின்ற கண்ணுக்கு இருட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. சைக்கிள் ரியூப்பிலிருந்து காற்றுப் போவதுபோல ஒரு சத்தம் வந்தது. நின்றது. திரும்பவும் வந்தது.

"இஞ்சரப்பா," என்று கூப்பிட்டேன்.

"நிக்கிறன்," என்றாள். குரல் வளைவுக்கு அப்பாலிருந்து வந்தது. "கேக்குதோ உங்களுக்கு?"

"கேக்குது. அசையாதை. விளக்குக் கொண்டுவாறன்."

குசினிக்கு ஓடினேன். ஜாம் போத்தல் விளக்கை எடுத்துக்கொண்டு பரணில் கைவைத்தேன். அகப்பட்ட நெருப்புப்பெட்டியைத் திறந்தேன். குண்டுமணி. அடுத்ததைத் திறந்தேன். பயறு. அடுத்தது கௌபி, அடுத்தது வெறுமை. எனக்கு மேல் விமானம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புகிற சத்தம். பெட்டிகளை நிலத்தில் கொட்டி, காலால் விலக்கி, திறந்து திறந்து எறிந்தேன். நானே கீறிய அம்புகள், நானே ஒட்டிய படங்கள். குலுக்கினாலும் அந்தச் சத்தத்தில் குச்சியா விதையா என்று பிரித்தறிய முடியவில்லை. அடுப்புக்குள் கையை விட்டேன். ஈர விறகு. சாம்பல் குளிர்ந்து கிடந்தது.

"தணலு, தணலு நான் கொண்டாறேன்," என்று பக்கத்து வளவுக்காரர் வாய்க்காலிலிருந்து எழும்பித் தன் வீட்டுக்கு ஓடுவதை யன்னலால் கண்டேன். வெளியில், தலைக்கு மேல் விமானம் சுற்றும்போது, ஒரு மனிதன் சிரட்டைத் தணலுக்காக ஓடினான்.

நான் வெறுங்கையோடு வாசலுக்குத் திரும்பினேன். இறங்குவதா, அவளை மேலே கூப்பிடுவதா? மேலே கூப்பிட்டால் பாம்பைக் கடந்து வரவேண்டும், வந்தாலும் வெளியில் விமானம். நிற்கச் சொன்னால் காலடியில் பாம்பு. என் மனதில் வந்து நின்றது அந்த வெறும் பெட்டிதான். எந்த அம்பும் உதவாத நிலை. அந்த நிலையில் இயந்திரம் கையை விரிக்கலாம், எனக்கு ஏலாது.

"நெருப்பு வருகுது," என்றேன். "கொஞ்சம் பொறு."

"நெருப்பைக் கொண்டு வராதேங்கோ." அவளுடைய குரல் மெல்லியதாக, மிகத் தெளிவாக இருந்தது. "எனக்கு அது தெரியுது. நீங்கள்தான் வெளிச்சத்தில நிக்கிறியள், உங்களுக்குத்தான் தெரியேல்லை. ரெண்டாம் படியில சுருண்டு கிடக்கு. தலை உங்கட பக்கம். அது வெளிய வரப் பாக்குது. நீங்கள் வாசலை மறைக்க மறைக்க இஞ்சால திரும்புது."

நான் இன்னும் குனிந்து அந்தப் படியைத் தேடினேன்.

"விலகுங்கோ."

"உன்னை விட்டிட்டு…"

"விலகுங்கோ எண்டால் விலகுங்கோ. தூரப் போங்கோ. வாய்க்காலுக்குப் போங்கோ."

சிரட்டையோடு ஓடிவந்த மனிதரைக் கையால் மறித்து வாய்க்காலுக்குள் இழுத்து விழுந்தேன். தணல் ஈரத்தில் விழுந்து சீறியது. அந்தச் சீறலுக்கே என் உடல் துள்ளியது. அவளை அந்தக் குழிக்குள் பாம்போடு விட்டுவிட்டு, முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டு கிடந்தேன். பாம்பு வெளியே வந்தால் எந்தப் பக்கம் வரும் என்று தெரியாது. தலையைத் தூக்கிப் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். விமானம் பதிந்து வருகிற ஊளை கேட்டது. தூக்கவில்லை.

குண்டுகள் குளக்கட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்தன. நிலம் என் நெஞ்சில் அடித்தது. மரக்கொப்புகளும் மண்ணும் மேலே கொட்டின. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வளவுக்காரரின் வாய் அசைந்தது, குரல் இல்லை. நான் அவளைக் கூப்பிட்டேன். என் குரலே எனக்குக் கேட்காதபோது அவளுடைய பதில் எப்படிக் கேட்கும்? எழும்பிப் பதுங்குகுழியின் வாசலைப் பார்த்தேன். மண்மூட்டையிலிருந்து ஈரமண் வழிந்துகொண்டிருந்தது. படிகள் தெரிந்தன. இரண்டாம் படியில் ஒன்றும் இல்லை. அது வெளியே போனதா, உள்ளே போனதா என்று எங்கள் இருவரில் எவரும் பார்க்கவில்லை. அந்த இரண்டாம் படியைப் பார்த்தபடி நான் நின்ற நேரம் என் வாழ்நாளில் மிகப் பயந்த நேரம். கிட்டப் போனால் திரும்பவும் மறைத்துவிடுவேனோ என்று கிட்டப் போகவும் பயந்தேன்.

முதலில் அவளுடைய கை தெரிந்தது. பிறகு தலை. இடுப்புவரை சேறு. படியின் நடுவில் மிதிக்காமல், ஓரத்தைப் பிடித்து, காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தாள். மேலே வந்ததும் நிலத்தில் குந்தி, சேலையை முழங்காலுக்கு உயர்த்தி, இரண்டு கால்களையும் விரல்விரலாகத் தடவிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை.

வாய்க்காலின் கீழ்ப்பக்கம், அவளுடைய பயறு விதை காட்டுகிற இடம், குண்டுச் சிதறல்கள் விழுந்து உழுததுபோலக் கிடந்தது. நானும் பக்கத்து வளவுக்காரரும் அதன் மேல்பக்கத்தில் கிடந்திருந்தோம். வீட்டுச் சுவரில் ஓட்டைகள். பதுங்குகுழிதான் அவளைக் காப்பாற்றியது. பதுங்குகுழிதான் அவளைக் கொல்ல இருந்தது.

பொழுதுபடுவதற்குள் குசினி நிலத்தில் சிதறிய விதைகளை மூன்று பேரும் இருந்து பொறுக்கினோம். உண்மையான நெருப்புப்பெட்டி அடுப்பின் பின்பக்கத்தில் அகப்பட்டது. உள்ளே பாதிக் குச்சிகள் சில. காது அடைப்பு மெல்ல விட்டுக்கொண்டிருந்தது. மனைவி தன் நான்கு பெட்டிகளையும் தேடியெடுத்து மடியில் வைத்தாள். 'விமானம் பின்னேரம்' என்றதைத் திறந்தாள். உள்ளங்கையில் ஒரு கௌபி விதையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இண்டைக்கு நடந்தது வெண்டதோ, தோத்ததோ?"

நான் சிதறிய விதைகளைப் பொறுக்கக் குனிந்தேன்.

"போடுறதோ, எடுக்கிறதோ? சொல்லுங்கோ. உங்கட மிசின்தானே."

பக்கத்து வளவுக்காரர் விதை பொறுக்குவதை நிறுத்தாமல், "சமன்னு வச்சுக்குங்கம்மா," என்றார்.

"இதில சமன் இல்லையாம் அண்ணை. இவர்தான் சொன்னவர்."

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அவள் அந்த விதையைப் பெட்டியிலும் போடவில்லை, வெளியிலும் வைக்கவில்லை. கடைசியில் எழும்பி, பொறுக்கிய பயறையும் கௌபியையும் உழுந்தையும் கழுவிச் சட்டியில் போட்டாள். குண்டுமணி மட்டும் ஒரு தகரப்பேணிக்குள் மிஞ்சியது. பாதிக் குச்சி ஒன்றால் அடுப்பை மூட்டினாள். படம் ஒட்டிய பெட்டிகள் ஒவ்வொன்றாக அடுப்புக்குள் போயின. நான் தடுக்கவில்லை. மூன்று பேரும் அவித்ததைத் துருவிய தேங்காய்ப்பூவோடு சாப்பிட்டோம்.

பாம்பு எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. அடுத்த நாள் நான் குழிக்குள் தடி விட்டுக் கிளறினேன், தண்ணீரை இறைத்தேன், வைக்கோல் மூட்டிப் புகை போட்டேன். ஒன்றும் வெளியே வரவில்லை. இல்லை என்று சொல்லவும் அது போதவில்லை.

அதற்கடுத்த கிழமை முகில் விலகி, விமானம் வந்தது. நான் வீட்டு வாசலில் நின்றேன். அவள் கிணற்றடியில் வாளியோடு நின்றாள். சத்தம் கேட்டதும் வாளியைப் போட்டாள். அவ்வளவுதான். ஓடவில்லை. முற்றத்தின் நடுவுக்கு வந்து பதுங்குகுழியைப் பார்த்தாள், வாய்க்காலைப் பார்த்தாள், வீட்டைப் பார்த்தாள், திரும்பவும் பதுங்குகுழியைப் பார்த்தாள். மாதக்கணக்காக இல்லாமல் போயிருந்த அந்தரம் அவளுடைய கால்களுக்குத் திரும்பி வந்திருந்தது. வானத்தில் சத்தம் பெருத்துக்கொண்டே வந்தது. நான் ஓடிப்போய் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தேன். எந்தப் பக்கம் இழுக்கிறேன் என்று தெரியாமலே இழுத்தேன்.